வீட்டில் பொரித்த குஞ்சுக்கு ரிங்கும் ஏடும்: வெருலம் தம்பிக்கு ஒரு பதில்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குப் பக்கத்தில் இருக்கும் வெருலத்தில், வீட்டுக்குப் பின்னால் ஏவியரி (பறவைக் கூடம்) வைத்திருக்கும் ஒரு தம்பியின் கேள்வி இது. பத்துப் பன்னிரண்டு ஜோடி பட்ஜி என்னும் சின்னக் கிளி, மூன்று ஜோடி ரிங்நெக் கிளி, மாமா கொடுத்துவிட்டுப் போன ஒரு ஜோடி ஆப்பிரிக்கன் கிரே கிளி. போன சீசனில் பட்ஜிகள் நன்றாகப் பொரித்தன. குஞ்சுகள் தனியே தின்னத் தொடங்கியதும் எல்லாவற்றையும் ஒரே பெரிய கூண்டில் விட்டிருக்கிறார். இப்போது எது எந்த ஜோடியின் குஞ்சு, எது எதோடு கூடப்பிறந்தது என்று தெரியவில்லை. காலில் ரிங் போடுவதா, உடம்புக்குள் சிப் வைப்பதா, போனில் ஒரு ஆப் போதுமா, கிரேக்கு பெர்மிட் வேண்டுமா என்று கேட்கிறார்.

தம்பி, நாலுக்கும் பதில் உண்டு. ஆனால் நீங்கள் ரிங்கில் தொடங்குகிறீர்கள், நான் ஏட்டில் தொடங்குகிறேன். ரிங்கில் இருப்பது வெறும் எண். அந்த எண்ணைப் பார்த்ததும் திறக்க ஒரு பக்கம் இல்லையென்றால் அது பறவையின் காலில் கிடக்கும் நகைதான்.

நேட்டால் தமிழ்க் குடும்பங்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது முதல், ஒப்பந்தக் கூலியாக வந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்தார்கள். மனிதரை எண்ணாக்கிய அந்தக் கணக்கை நான் மெச்சவில்லை. ஆனால் கொள்ளுத் தாத்தாவின் ஊரைத் தேடுகிறவர்கள் இன்றும் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான். அது கிடைத்தால் கப்பல் பட்டியலில் தகப்பன் பெயர், வயது, கிராமம் எல்லாம் வந்துவிடும். பட்டியல் தொலைந்திருந்தால் எண்ணை வைத்துக்கொண்டு யாரும் ஊர் போய்ச் சேர்ந்திருக்க முடியாது.

சரி, ஏட்டை எப்போது திறப்பது? இங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். குஞ்சு கூட்டை விட்டு இறங்கட்டும், அப்புறம் எழுதலாம் என்று இருப்பார்கள். அதற்குள் பாதி விஷயம் போய்விடும். முதல் முட்டை கண்ணில் பட்ட அன்றே பக்கம் திறக்க வேண்டும். ஒரு ஜோடிக்கு ஒரு பக்கம். மேலே கூண்டு எண், ஆணின் எண், பெட்டையின் எண், இரண்டின் நிறம், ஜோடி சேர்த்த தேதி. அதன் கீழே முட்டைகள் வரிசையாக.

இங்கே புரட்டாசி விரதம் வரும்போதுதான் வசந்தம் தொடங்குகிறது. பலருடைய பட்ஜிகளும் அப்போதுதான் கூட்டுப் பெட்டிக்குள் போகும். பட்ஜி ஒரு நாள் விட்டு ஒரு நாள் முட்டையிடும். அடை ஏறக்குறைய 18 நாள். செப்டம்பர் 3 அன்று முதல் முட்டை என்றால் அடுத்தவை 5, 7, 9, 11 என்று போகும். பெட்டை முதல் முட்டையிலேயே உட்கார்ந்துவிட்டால் 21 அன்று முதல் குஞ்சு, பிறகு 23, 25, 27, 29. கடைசிக் குஞ்சு ஈரம் காயாமல் கிடக்கும்போது மூத்தது ரிங் போடும் வயதுக்கு வந்திருக்கும். ஒரே பெட்டிக்குள் எட்டு நாள் வித்தியாசம். அதனால் “செப்டம்பரில் பொரித்தவை” என்று மொத்தமாக எழுதுவதில் பயன் இல்லை. ஒவ்வொரு முட்டைக்கும் தனி வரி வேண்டும்.

முட்டையின் மேல் எண் போடுங்கள். மென்மையான பென்சில் போதும். மார்க்கர் பேனா வேண்டாம். ஓட்டில் நுண்துளைகள் உண்டு, மை உள்ளே இறங்கும். எண்ணை முட்டையின் பக்கவாட்டில் போடுங்கள், அகன்ற முனையில் போடாதீர்கள். குஞ்சு அந்த முனையில்தான் உடைத்துக்கொண்டு வரும், உங்கள் எண்ணும் சில்லுச் சில்லாகிவிடும். அடைக்கு உட்கார்ந்த ஐந்தாறு நாளில் ஒரு சின்ன டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்தால் சிவப்பு நரம்புகள் தெரியும். தெரியாவிட்டால் இன்னும் சில நாள் பொறுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் வெறுமையாக இருந்தால் அது கரு கூடாத கூமுட்டை.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கறாராக இருப்பேன். பொரிக்காத முட்டையை எல்லாம் “கெட்டது” என்று ஒரே வார்த்தையில் எழுதிவிடாதீர்கள். கூமுட்டை வேறு, பாதியில் கரு செத்தது வேறு, குஞ்சு முழுதாக வளர்ந்து ஓட்டுக்குள்ளேயே செத்தது வேறு. தொடர்ந்து கூமுட்டை என்றால் சேர்க்கை சரியில்லை என்று பொருள்: உட்காரும் கம்பு ஆடுகிறதா, ஆணுக்கு வயதாகிவிட்டதா, பின்புற இறகு அடர்த்தியாகித் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓட்டுக்குள் சாவது மீண்டும் மீண்டும் வந்தால் பெட்டியின் ஈரப்பதம், கிருமி, நெருங்கிய சொந்தத்தில் ஜோடி சேர்த்தது என்று தேடல் வேறு திசையில் போகும். இரண்டு சீசன் ஏட்டைப் புரட்டினாலே எந்தக் கூண்டில் எது திரும்பத் திரும்ப நடக்கிறது என்று தெரிந்துவிடும். விற்ற குஞ்சுகளின் பட்டியல் இதைச் சொல்லவே சொல்லாது.

ஒரு பக்கம் இப்படி இருக்கலாம் (ரிங் எண்ணில் முன்னால் இருப்பது ஆண்டு):

“கூண்டு 4. ஆண் 23-011, பச்சை/நீலம். பெட்டை 22-040, நீலம். ஜோடி ஆகஸ்ட் 24. முட்டை 1: செப் 3, பொரித்தது 21, ரிங் 25-006, செப் 28. முட்டை 2: செப் 5, கூமுட்டை. முட்டை 3: செப் 7, 20 அன்று கூண்டு 6-க்கு மாற்றம், பொரித்தது 25, ரிங் 25-009, அக் 3. முட்டை 4: செப் 9, பொரித்தது 27, 29 அன்று செத்தது, தீனிப்பை காலி.”

நடுவில் இருக்கும் சாய்கோடு முக்கியம். கோட்டுக்கு முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரியும் நிறம். பின்னால் இருப்பது வெளியே தெரியாமல் உடம்பில் சுமக்கும் நிறம். இதற்கு மறுபடி வருகிறேன்.

மூன்றாவது முட்டையைக் கவனியுங்கள். அடுத்த கூண்டுக்கு மாற்றிய முட்டைதான் வம்சக் குழப்பத்தின் பிறப்பிடம். வளர்த்தவள் ஒருத்தி, பெற்றவள் ஒருத்தி. இரண்டையும் எழுத வேண்டும். பெற்றவளின் பக்கத்தில் முழு விவரம், வளர்த்தவளின் பக்கத்தில் ஒரு குறிப்பு. ஆனால் பொரித்த பிறகு ரிங் போடும்வரை ஒரு வாரம் அந்தக் குஞ்சை மற்றவற்றோடு எப்படிப் பிரித்து அறிவது? முடிந்தால் லுட்டினோ (மஞ்சள்) அல்லது அல்பினோ (வெள்ளை) குஞ்சு வரும் கூட்டுக்கு மாற்றுங்கள். அவற்றின் கண் பொரித்த அன்றே சிவந்து தெரியும். சாதாரணக் குஞ்சுக்கு மூடிய இமைக்குள் கருப்பாகத் தெரியும். ஒரு பார்வையில் பிரித்துவிடலாம். அது கிடைக்காவிட்டால், அங்கே இருக்கும் குஞ்சுகளைவிட நாலைந்து நாளாவது மூத்ததாகவோ இளையதாகவோ இருக்கும்படி பாருங்கள். ஒரே வயதுக் குஞ்சுகளுக்கு நடுவே விட்டுவிட்டு அடையாளம் நினைவிருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இனி ரிங். வீட்டில் பொரித்த குஞ்சுக்கு மூடிய ரிங்தான் போட வேண்டும். இணைப்பே இல்லாத அலுமினிய வளையம் அது. சில நாள் குஞ்சின் காலில் மட்டும்தான் நுழையும், பாதம் வளர்ந்தபின் கழலாது. அதனால்தான் அது பிறந்த ஆண்டுக்கும் வளர்த்தவருக்கும் சாட்சியாகிறது. திறந்து மூடும் ரிங்கை எந்த வயதிலும் எந்தப் பறவைக்கும் போட்டுவிடலாம், ஆகவே அது எதையும் நிரூபிக்காது. கூண்டுக்குள் தூரத்திலிருந்து இனம் காண மட்டும் கலர் பிளாஸ்டிக் வளையம் உதவும். ஆணுக்கு வலது கால், பெட்டைக்கு இடது கால் என்று வைத்துக்கொண்டால் வேலை எளிது. ரிங்நெக், கிரே போன்றவற்றுக்கு பிளாஸ்டிக் வேண்டாம், அலகால் நொறுக்கிவிடும்.

அளவு பறவைக்குப் பறவை மாறும். ஜீப்ரா ஃபிஞ்சுக்கு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு, பட்ஜிக்கு 4-க்கு மேல், காக்கட்டீல் கிளிக்கு ஐந்தரைக்குப் பக்கம், ரிங்நெக்குக்கு 7 அளவில், கிரேக்கு 11 அளவில். இவை தோராயம், உங்கள் கிளப்போ ரிங் செய்பவரோ சொல்லும் அளவையே வாங்குங்கள். கண்காட்சி ரக பட்ஜிக்குக் கால் தடிமன் அதிகம், சாதாரண பட்ஜியின் அளவு அதற்கு ஆபத்து. சிறிதாகப் போனால் கால் வளர வளர வளையம் இறுக்கும், ரத்த ஓட்டம் நின்று பாதமே போய்விடும். பெரிதாகப் போனால் மூட்டுக்கு மேலே ஏறி மாட்டிக்கொள்ளும், அல்லது கழன்று பெட்டித் தூளுக்குள் விழுந்துவிடும்.

பட்ஜிக்கு ஏழிலிருந்து பத்து நாள் என்பது வழக்கமான வயது. ஆனால் நாளைவிடப் பாதத்தைப் பாருங்கள். நாலைந்து குஞ்சு இருக்கும் கூட்டில் மூத்தது தீனியை எல்லாம் வாங்கிக்கொண்டு ஆறாம் நாளே தயாராகிவிடும், கடைக்குட்டிக்குப் பத்தாம் நாளும் வளையம் நிற்காது. கிரேக்கு மூன்று வாரத்தை ஒட்டி.

போடும் முறை இது. குஞ்சை உள்ளங்கையில் கிடத்தி, காலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடியுங்கள். கிளி இனத்துக்கு முன்னால் இரண்டு விரல், பின்னால் இரண்டு விரல். முன்விரல் இரண்டையும் பின்விரலில் நீளமானதையும் ஒன்றாகச் சேர்த்து முன்னோக்கி நீட்டி, அந்த மூன்றின் மேல் வளையத்தை நுழையுங்கள். குட்டையான நாலாவது விரல் கணுக்காலோடு ஒட்டிப் பின்னோக்கிப் படுத்திருக்க வேண்டும். வளையத்தைப் பாதத்தின் மெத்தைப் பகுதியைத் தாண்டி மேலே தள்ளினால் அந்தக் குட்டை விரல் வளையத்துக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். நுனி மழுங்கிய தீக்குச்சியால் அதை மெல்ல வெளியே எடுத்துவிடுங்கள். இறுக்கமாக இருந்தால் பொட்டளவு வாஸ்லின். குச்சியை வைத்து நெம்பக் கூடாது, நகம் போய்விடும். ஃபிஞ்ச், கேனரிக்கு முன்னால் மூன்று விரல், பின்னால் ஒன்று. மூன்றையும் நுழைத்துப் பின்விரலை விடுவிக்க வேண்டும். எண் தலைகீழாக இல்லாமல், பறவை நிற்கும்போது படிக்கும்படி இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டு முடித்த கையோடு ஏட்டில் எழுதுங்கள். பெட்டியை மூடும் முன்பே. டீ குடித்துவிட்டு எழுதலாம் என்றால், 006 மூத்த குஞ்சுக்கா அடுத்த குஞ்சுக்கா என்று ஒரு சந்தேகம் வரும். இறகு முளைக்காத குஞ்சில் நிறமும் தெரியாது. அப்புறம், மறுநாளும் அதற்கு மறுநாளும் பெட்டியைத் திறந்து பாருங்கள். சில பெட்டைகளுக்குக் கூட்டுக்குள் பளபளப்பாக எதுவும் இருக்கக் கூடாது. வளையத்தை அழுக்கு என்று நினைத்து இழுத்து வெளியே தள்ளப் பார்க்கும், காலோடு குஞ்சும் வரும். அதனால் பழைய வளர்ப்பாளர்கள் புது ரிங்கில் எச்சத்தைப் பூசி மங்கலாக்கிவிட்டு, பெட்டை உறங்கப் போகும் நேரத்தை ஒட்டிப் போடுவார்கள். அருவருப்பான வேலைதான், ஆனால் பலிக்கும்.

காலில் வீக்கம், வளையத்துக்கு அடியில் செதில் படிந்து கெட்டிப்படுவது இவற்றைக் கண்டால் பறவை மருத்துவரிடம் போய் வெட்டி எடுங்கள். வீட்டுக் குறட்டை எடுக்காதீர்கள், அலுமினியம் நசுங்கும்போது எலும்பும் முறியும். வெட்டிய வளையத்தைத் தூக்கி எறிய வேண்டாம். ஒரு உறையில் போட்டு, தேதியும் காரணமும் எழுதி, அந்தப் பறவையின் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். பிறகு ரிங் இல்லாமல் நிற்கும் பறவைக்கு அதுதான் அத்தாட்சி.

ரிங் நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்ஜி உலகில் பல நாடுகள் பின்பற்றும் ஆறு நிறச் சுழற்சி உண்டு: ஆரஞ்சு, நீலம், சிவப்பு, கருப்பு, பச்சை, ஊதா. நிறத்தைப் பார்த்தே எந்த ஆண்டுப் பறவை என்று சொல்லிவிடலாம். இந்தக் கணக்கு ஜனவரியில் புது ஆண்டு தொடங்கும் வடக்கு நாடுகளுக்கு ஒத்துவரும். நமக்கு சீசன் ஆண்டின் குறுக்கே போகிறது. டிசம்பர் 20 அன்று பொரித்த குஞ்சுக்குப் பழைய ஆண்டு ரிங் போட்டால், இரண்டு வாரத்திலேயே அது காகிதத்தில் ஒரு வயது ஏறிவிடும். கண்காட்சியில் மார்ச் மாதம் பொரித்த அண்ணன்களோடு நிற்க வேண்டிவரும். இதற்காகக் குஞ்சை வளரவிட்டு ஜனவரி வரை காத்திருக்க நினைக்காதீர்கள், கால் காத்திருக்காது. கண்காட்சி ஆசை இருந்தால் டிசம்பர் நடுவில் பொரிக்காதபடி ஜோடியைச் சேருங்கள். ஆசை இல்லையென்றால் ஏட்டில் தேதி சரியாக இருந்தால் போதும்.

உங்கள் பெரிய கூண்டில் நிற்கும் கலவைக்கு வருகிறேன். அவற்றுக்குத் திறந்த ரிங் போட்டு எண் கொடுங்கள். பெற்றோர் என்ற இடத்தில் “தெரியாது” என்று எழுதுங்கள். இதில் ஊகம் செய்யவே கூடாது. “அநேகமாகக் கூண்டு 2” என்று எழுதினால், மூன்று வருஷத்தில் அந்த “அநேகமாக” உதிர்ந்து கூண்டு 2 மட்டும் நிற்கும், உங்கள் ஏட்டை நம்பி வாங்கியவர் அண்ணனையும் தங்கையையும் சேர்த்திருப்பார். கூடப்பிறந்தவற்றைச் சேர்த்தால் குஞ்சின் உள்ளினப் பெருக்கக் கணக்கு, அதாவது தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் ஒரே மூதாதையின் கூறு வந்து சேரும் வாய்ப்பு, 25 சதவீதம். ஒரு பெற்றோர் மட்டும் பொது என்றால் 12.5. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகள் மாதிரியான உறவு 6.25. தேர்ந்த வளர்ப்பாளர் ஒரு நல்ல குணத்தை நிலைநிறுத்தத் தெரிந்தே நெருக்கமாகச் சேர்ப்பது உண்டு. தெரியாமல் சேர்ப்பது அது அல்ல. வம்சம் தெரியாத பறவைகளை எண் போட்டு ஏடு வைத்திருக்கும் ஒருவரிடம் வாங்கிய பறவையோடு மட்டும் சேருங்கள். ஒரு தலைமுறையில் உங்கள் ஏடு நேராகிவிடும்.

பட்ஜிகளைக் கூட்டமாக ஒரே ஏவியரியில் விட்டுப் பொரிக்க வைத்தால் எந்த ஏடும் உதவாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜோடியாகத்தான் சுற்றும், ஆனால் பக்கத்து வீட்டு ஆணும் வந்துபோகும். முந்தைய ஆணின் விந்து பெட்டையின் உடம்பில் பல நாள் உயிரோடு நிற்கும். ஆகவே ஜோடி மாற்றும்போது பெட்டையை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துவிட்டுப் புது ஆணோடு விடுங்கள். கூட்டமாக வளர்ப்பது பார்க்க அழகு, அதை வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தக் குஞ்சுகளைத் தகப்பன் பெயர் சொல்லி விற்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

இப்போது அந்தச் சாய்கோட்டுக்கு வரலாம். நீலம் என்பது இரண்டு பெற்றோரிடமும் இருந்து வந்தால்தான் வெளியே தெரியும் நிறம். பச்சையும் பச்சையும் சேர்ந்த கூட்டில் ஒரு நீலக் குஞ்சு வந்தால், அன்றே இரண்டு பெற்றோரின் பக்கத்துக்கும் போய் “/நீலம்” என்று சேர்த்துவிட வேண்டும். குஞ்சு தன் தாய் தகப்பனைப் பற்றி உங்களுக்குச் சொன்ன செய்தி அது. லுட்டினோ வேறு வகை. அது பாலினத்தோடு ஒட்டிவரும். பறவைகளில் பெட்டையின் பாலினக் குரோமோசோம்கள்தான் இரண்டும் வேறு வேறு. ஆணுக்கு இரண்டும் ஒன்று. அதனால் லுட்டினோ ஆணையும் சாதாரணப் பச்சைப் பெட்டையையும் சேர்த்தால் மஞ்சளாக வரும் குஞ்சு எல்லாம் பெட்டை, பச்சையாக வரும் குஞ்சு எல்லாம் லுட்டினோவைச் சுமக்கும் ஆண். பட்ஜிக்கும் இதே, உங்கள் ரிங்நெக்குக்கும் இதே. ரிங்நெக் ஆணுக்குக் கழுத்தில் வளையம் தெளிய இரண்டரை மூன்று வருஷம் ஆகும். பெற்றோரின் எண்ணும் நிறமும் உங்கள் ஏட்டில் சரியாக இருந்தால், கூட்டுக்குள் இறகு முளைத்த அன்றே பாலினம் சொல்லிவிடலாம். அதே ஜோடியில் ஒரு பச்சைப் பெட்டை வந்து நின்றால்? தகப்பன் அவன் இல்லை, அல்லது ரிங் எண் மாறிவிட்டது. ஏடு சில சமயம் இப்படித் துப்பறியும்.

இந்த மாதிரி நிறச் சேர்க்கை இல்லாத ரிங்நெக்குக்கும் கிரேக்கும் டி.என்.ஏ பார்ப்பதுதான் வழி. மார்பிலிருந்து நாலைந்து இறகைப் பிடுங்கி அனுப்ப வேண்டும். தரையில் உதிர்ந்து கிடப்பது உதவாது, வேரில் செல் இருக்க வேண்டும், யாருடையது என்றும் தெரிய வேண்டும். உறையின் மேல் ரிங் எண்ணை எழுதிய பிறகுதான் பறவையைக் கையில் எடுங்கள். ஏட்டில் பாலினத்துக்குப் பக்கத்தில் “டி.என்.ஏ” என்றோ “கண்” என்றோ ஒரு சொல் சேருங்கள். பட்ஜிக்கு வளர்ந்தபின் மூக்குச் சதை ஆணுக்கு நீலம், பெட்டைக்குப் பழுப்பு என்று கண்ணே போதும், ஆனால் லுட்டினோ போன்ற சில ரகங்களில் ஆணுக்கும் அது இளஞ்சிவப்பாகவே நின்றுவிடும்.

நோய் விஷயத்தில் ஏட்டின் வேலை தனி. அலகு-இறகு நோய் என்னும் வைரஸ் தென்னாப்பிரிக்காவில் கூண்டுக் கிளிகளிலும் காட்டு கேப் பேரட்டுகளிலும் இருக்கிறது. பட்ஜிக் குஞ்சுகள் சிறகு இறகு உதிர்ந்து பறக்க முடியாமல் போவதற்கு அதுவோ பாலியோமா வைரஸோ காரணமாக இருக்கலாம். ஒரு குஞ்சு அப்படி வந்தால், அதன் பெட்டியில் இருந்தவை, வளர்த்த ஜோடி, அந்த மாதம் புதிதாக வாங்கிச் சேர்த்த பறவை என்று மூன்றையும் ஐந்து நிமிஷத்தில் சொல்ல முடிய வேண்டும். ஆகவே வாங்கிய தேதி, தனிக் கூண்டில் வைத்திருந்த நாள், சோதனை முடிவு எல்லாம் அந்தந்தப் பறவையின் பக்கத்தில் இருக்கட்டும்.

ஆப் போதுமா என்றால், ஆப் நல்லதுதான், இருக்கட்டும். வம்ச வரைபடம் தானே போட்டுத் தரும். ஆனால் முதல் எழுத்து காகிதத்தில் இருக்கட்டும், பென்சிலில். டர்பன் கோடையின் ஈரத்தில் மைப்பேனா ஊறிவிடும், வெயிலில் வெளுத்துவிடும், பென்சில் நிற்கும். லோட்ஷெடிங் என்ற மின்வெட்டு நடந்த வருஷங்களில் கணினியை நம்பியவர்கள் பட்ட பாட்டை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து வைத்தால் போதும். கூண்டின் வெளியே கார்டு தொங்கவிட வேண்டாம். குரங்குகள் வரும் தெருவாக இருந்தால் முட்டையை எடுக்க முடியாத ஆத்திரத்தில் கார்டைக் கிழித்துவிட்டுப் போகும். தீனி வைக்கும் அறைக்குள் தொங்கவிடுங்கள்.

இனி உங்கள் கிரே ஜோடி. சைட்டீஸ் என்பது அழியக்கூடிய உயிரினங்களை நாடு தாண்டி விற்பதைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். 2016-ல் ஜோகன்னஸ்பர்க்கில் கூடிய அதன் மாநாட்டில்தான் ஆப்பிரிக்கன் கிரேயை மிகக் கடுமையான முதல் பட்டியலுக்கு உயர்த்தினார்கள். 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. காட்டில் பிடித்ததை வணிகத்துக்காக நாடு தாண்டி அனுப்ப முடியாது. கூண்டில் பொரித்ததை அனுப்ப, அது கூண்டில்தான் பொரித்தது, பெற்றோர் முறையாக வந்தவை என்று காட்ட வேண்டும். மூடிய ரிங்கோ மைக்ரோசிப்போ, அதற்கு ஈடான ஏடோ இல்லாமல் அது நடக்காது. நீங்கள் ஏற்றுமதி செய்யப் போவதில்லை என்றாலும், உங்களிடம் வாங்குகிறவரிடம் வாங்கப்போகிறவர் கேட்பார். பட்ஜி, காக்கட்டீல், ரோஸி ஃபேஸ் லவ்பேர்ட், ரிங்நெக் நான்கும் சைட்டீஸ் பட்டியலிலேயே இல்லை. ஆனால் உள்நாட்டுச் சட்டம் வேறு: டர்பன் மரங்களில் கூட்டம் கூட்டமாகக் கத்தும் ரிங்நெக் இங்கே வெளியிலிருந்து வந்து பரவிய அயல் இனம். கேப் பேரட் போன்ற மண்ணின் பறவைகளுக்கு இன்னும் கடுமை. வைத்திருக்கவும் விற்கவும் மாகாணம் தாண்டிக் கொண்டுபோகவும் இன்று என்ன பெர்மிட் வேண்டும் என்பதை நம் மாகாண வனவிலங்கு அமைப்பான எஸெம்வேலோ வைல்ட்லைஃப் பெர்மிட் அலுவலகத்தில் இனத்தின் பெயர் சொல்லிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி ஏட்டில் வையுங்கள். கிளப்பில் நண்பர் சொன்னார் என்பது அதிகாரியிடம் எடுபடாது.

மாமா கொடுத்த ஜோடிக்கு ரிங் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. இல்லையென்றால் இப்போது மூடிய ரிங் போட முடியாது, சிப் வையுங்கள். பறவைக்கு மார்புத் தசையில், வழக்கமாக இடது பக்கம், மருத்துவர் ஊசியால் செலுத்துவார். 15 இலக்க எண். செலுத்தும் முன் ஒருமுறையும் பின் ஒருமுறையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். முதலாவது, ஏற்கெனவே ஒரு சிப் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள. சிப்போடு வரும் பார்கோடு ஸ்டிக்கர்களில் ஒன்றை ஏட்டில் ஒட்டுங்கள். பட்ஜிக்குச் சிப் வேண்டியதில்லை. அந்த உடம்புக்கு அது பெரிய ஊசி, பறவையின் விலையைவிடச் செலவும் கூட. கிரே திருடு போகும் பறவை, ரிங்கை வெட்டி எடுத்துவிடுவார்கள், சிப்பை எடுப்பது கடினம். பாதத்தின் செதில் அமைப்பு, அலகின் கீறல் தெரியும்படி கிட்டத்தில் படமும் எடுத்து வையுங்கள்.

மாமா இருக்கும்போதே ஒரு வேலை முடித்துவிடுங்கள். அந்த ஜோடி எந்த வருஷம், யாரிடம், எப்படி வந்தது, உங்களுக்கு எப்போது கொடுத்தார் என்று அவர் கையால் எழுதி, போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட் ஆக்கி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ரசீது ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து. நாளைக்கு அந்த ஜோடி பொரிக்கும் குஞ்சுகளின் வம்சம் அந்தத் தாளில்தான் தொடங்குகிறது.

விற்கும்போது குஞ்சோடு ஒரு கார்டு கொடுங்கள்: ரிங் எண், பொரித்த தேதி, பெற்றோரின் எண்ணும் நிறமும், பாலினம் எப்படித் தெரிந்தது, என்ன தீனி தின்கிறது. உங்கள் ஏட்டில் வாங்கியவர் பெயரும் தேதியும். செத்த குஞ்சின் எண்ணை அடித்துவிட்டுக் காரணம் எழுதுங்கள், அந்த எண்ணை மறுபடி யாருக்கும் கொடுக்காதீர்கள். ஆண்டு முடிவில் மீந்த ரிங்குகளைக் குறடால் நசுக்கி, எந்தெந்த எண் என்று கடைசிப் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று. தெருவில் ரிங் போட்ட பறவை யாராவது பிடித்துக் கொண்டுவந்தால் எழுத்தைக் கவனமாகப் படியுங்கள். சாஃப்ரிங் என்று இருந்தால் அது காட்டுப் பறவை; கேப் டவுன் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்த ஆய்வுத் திட்டத்தின் வளையம். எண்ணையும் இடத்தையும் தேதியையும் அவர்களுக்குத் தெரிவித்துவிட்டு, பறவை நன்றாக இருந்தால் பறக்க விட்டுவிடுங்கள். கிளப் எழுத்து இருந்தால் கிளப் செயலாளரிடம் கேட்டால் யாருடையது என்று தெரிந்துவிடும்.

உங்கள் பட்ஜிகளுக்கு ரிங் இன்னும் ஆர்டர் செய்யவில்லை என்றால் பெட்டி மாட்டும் முன்பே செய்துவிடுங்கள். பட்ஜெரிகர் சொசைட்டி ஆஃப் சவுத் ஆப்பிரிக்காவின் கீழ் இருக்கும் உள்ளூர் கிளப் எதிலாவது சேர்ந்தால் உங்களுக்கென ஒரு வளர்ப்பாளர் குறியீடு கிடைக்கும். ரிங் செய்து வர வாரங்கள் ஆகும், குஞ்சின் காலுக்கு உங்களிடம் இருப்பது மூன்று நான்கு நாள்.